தப்பு மட்டும் கம்ப்யூட்டரோடது

போன ஆடி மாதம் என் பதிலிக்கும் என் நாத்தனாருடைய பதிலிக்கும் சண்டை வந்துவிட்டது. ஏதோ ஒரு வளைகாப்புக்கு யார் யாரை முதலில் அழைத்திருக்க வேண்டும் என்பது பற்றி. மூன்று நாள் காரசாரமாகப் பேசி, நான்காம் நாள் சமாதானமாகி, எங்கள் இருவரையும் பழனிக்கு அனுப்புவதாகத் தேதியும் குறித்துவிட்டன. வாடகை வண்டிக்காரர் வாசலில் வந்து ஹாரன் அடித்தபோதுதான் சண்டை நடந்ததே எனக்குத் தெரியும்.

அன்றைக்கு நானும் நாத்தனாரும் சிரித்தோம். சிரிப்பதற்குக்கூட அலுப்பாக இருந்தது.

பதிலி வந்த புதிதில் அதை ஒரு வசதி என்றுதான் நினைத்தோம். நாம் இதுவரை எழுதியதையும் பேசியதையும் படித்துவிட்டு, நம்மைப் போலவே பதில் சொல்லும் மென்பொருள். வேலையாக இருக்கும்போது அது பேசட்டும் என்று விட்டோம். பிறகு வேலை இல்லாதபோதும் விட்டோம். பத்தே வருடத்தில் குடும்பக் குழுக்களில் பிறந்தநாள் வாழ்த்தும், அழுகையும், அரசியல் சண்டையும் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே ஆள்தான் இல்லை. புனேயில் வேலை பார்க்கும் என் மகள் தன்விகா தினமும் "சாப்டியாம்மா" என்று கேட்பாள். எப்போதாவது "அம்மா, சும்மா நச்சரிக்காத" என்று வந்தால், அடடா, இது அவளேதான் என்று மனம் குளிர்ந்துபோகும்.

நான் சின்ன வயதிலிருந்தே கம்ப்யூட்டர் பைத்தியம். பீளமேட்டில் ஒரு கல்லூரியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை; வீட்டில் பழைய போர்டுகளைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பது என் பொழுது. இணையத்தில் முகம் தெரியாதவர்களோடு விடிய விடிய வாதாடிய தலைமுறை நான். அந்தக் காலத்து இணையத்தில் முட்டாள்கள் நிறைய இருந்தார்கள். ஆனால், இருந்தார்கள். இப்போது எல்லோரும் கனிவாகவும் தெளிவாகவும் பேசுகிறார்கள். யாரும் இல்லை.

அதனால்தான் எங்களுக்கு ரேடியோ மிச்சமானது.

எதிலும் ஆளை நம்ப முடியாமல் போனபோது அரசாங்கம் ஏழு மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு சின்னப் பட்டையை மனிதர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கியது. சட்டத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. நாங்கள் ஆள் அலை என்போம். தேர்வு எழுதி உரிமம் வாங்கியவர் தன் வாயால் பேச வேண்டும். இல்லையென்றால் தன் கையால் மோர்ஸ் தட்ட வேண்டும். புள்ளியும் கோடுமாகத் தட்டுகிற அந்தப் பழைய சங்கேதத்தைச் சட்டம் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் உண்டு. எந்த இரண்டு பேரும் ஒரே மாதிரி தட்டுவதில்லை. ஒருவர் கோட்டை இழுப்பார், ஒருவர் புள்ளியை விழுங்குவார். கையெழுத்து மாதிரி. அதை நாங்கள் அவருடைய "கை" என்போம்.

இயந்திரக் குரலுக்கு அங்கே இடமில்லை. ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் அதைக் கவனித்து, தினமும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பொறுப்புக்குப் பெயர் "காது". தவறான கையெழுத்து என்று நிரூபணமானால் குழுவையே கலைத்துவிடுவார்கள்.

காலை ஆறே முக்காலுக்குக் கூடும் எங்கள் கோவைக் குழுவுக்கு நான்தான் காது. இருபத்து மூன்று பேர். ஐந்து வருடத்தில் பதினோரு நிலையங்களை இயந்திரம் என்று கண்டுபிடித்து விலக்கியிருக்கிறேன். மூச்சு வாங்கும் இடம் தப்பாக இருக்கும். எதிர்பாராமல் ஒரு கேள்வி கேட்டால் திணறாது. முக்கியமாக, தப்பே செய்யாது.

குழுவை ஆரம்பித்தவர் என் கணவர் கிருபாகரன். எங்கள் கல்யாணமே ரேடியோவில் நடந்த மாதிரிதான். இருபத்திரண்டு வயதில் நான் முதன்முதலில் மைக்கைப் பிடித்து, எல்லோரும் மரியாதைக்கு "அருமையாகக் கேட்கிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒரு குரல் மட்டும், "இல்லீங்க, உங்க குரல் டிரம்முக்குள்ள உக்காந்து பேசற மாதிரி இருக்கு. மைக்கை கொஞ்சம் தள்ளி வைங்க" என்றது. கோபம் வந்தது. தள்ளி வைத்தேன். சரியாகிவிட்டது. அப்புறம் அந்தக் குரலைத் தேடித்தான் தினமும் செட்டைப் போட்டேன்.

போன வருடம் அந்தக் குரலை எடுத்துவிட்டார்கள்.

குரல்வளையில் புற்று. அறுவை செய்தால் உயிர் நிற்கும், குரல் போகும் என்றார் டாக்டர். "வேண்டாம், ஹேமா. இருக்கிற வரைக்கும் பேசிட்டே இருந்துட்டுப் போறேன்" என்றார் இவர். நான் ஒரு வாரம் அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன். கடைசியில் படிவத்தை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தவள் நான். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கழுத்தில் ஒரு துளை. அதன் வழியே மூச்சு. கதிர்வீச்சில் கழுத்து இறுகிப்போனதால், தொண்டையில் வைத்துப் பேசும் கருவியும் சரிப்படவில்லை. கீமோ மருந்து விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்துவிட்டது. ஒரு வெள்ளைப் பலகையும் தடித்த மார்க்கரும் வாங்கிக் கொடுத்தேன். பெரிய பெரிய எழுத்தாக எழுதுவார். தன்விகா வேறொன்று செய்து அனுப்பினாள். அவருடைய இருபத்தைந்து வருட ரேடியோப் பதிவுகளைக் கொண்டு ஒரு குரல். இவர் இரண்டு விரலால் தட்டினால் போதும், அது அப்படியே அவராகப் பேசும்.

முதல் நாள் சமையலறையில் நின்றிருந்தேன். பின்னாலிருந்து, "ஹேமா, காபியில சர்க்கரை போட்டியா?" என்று கேட்டது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"ஏங்க, அதை அணைச்சிடுங்க" என்றேன். "அந்தக் குரலுக்கு நாப்பது வயசுங்க. உங்களுக்கு அம்பத்தாறு. யாரோ ஒருத்தர் வீட்டுக்குள்ள வந்த மாதிரி இருக்கு."

அணைத்துவிட்டார். பலகையில், "சர்க்கரை போட்டியா இல்லியா?" என்று எழுதிக் காட்டினார். போடவில்லை.

எட்டு மாதம் ஒவ்வொரு காலையும் என் பக்கத்தில் உட்கார்ந்து, தான் ஆரம்பித்த கூட்டத்தை வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்பதாம் மாதம் பலகையில் எழுதினார்.

"நாளைக்கு நான் வரட்டுமா? தன்விகா குடுத்த குரல்ல."

"முடியாதுங்க. உங்களுக்கே தெரியுமில்ல."

"எழுதறது நான்தானே."

"பேசறது மெஷினுங்க. நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

ஜமாலுதீன் பாய் அன்றைக்கு வீட்டுக்கு வந்தார். உக்கடத்தில் மொபைல் கடை வைத்திருப்பவர். இவருடைய முப்பது வருட நண்பர். முக்கியமான விஷயம் எதையும் இப்போது போனில் பேச முடியாது, எடுப்பது யார் என்று தெரியாதே. ஆளாகத்தான் வர வேண்டும்.

"தங்கச்சி, ஊரு சட்டத்தை எல்லாம் விடு. கிருபாவை உள்ள விடு" என்றார். "இவன் ஆளா இல்லியான்னு எனக்குத் தெரியும். எங்கிட்ட வாங்குன சால்டரிங் அயர்னை இன்னும் திருப்பிக் குடுக்கல. மெஷினுன்னா ஞாபகமா குடுத்திருக்கும்."

இவர் சத்தமில்லாமல் சிரித்தார். சிரிக்கும்போது கழுத்துத் துளையில் மூச்சு சீறியது.

"எல்லார்கிட்டயும் கேக்கறேன் பாய்" என்றேன்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் கேட்டேன். பெரும்பாலோர் வரட்டும் என்றார்கள். வால்பாறையிலிருந்து ரோஸ்லின் டீச்சர் மட்டும் மறுத்தார்.

"ஹேமா, கிருபா சார் மேல எனக்கு எவ்வளவு மரியாதைன்னு உனக்குத் தெரியும். ஆனா வேண்டாம்மா. இன்னைக்கு சாருக்காகக் கதவைத் திறந்தா, நாளைக்கு வர்ற ஒவ்வொரு பதிலியும் தொண்டையில புற்றுன்னு சொல்லிட்டு வரும். நீ எதை வச்சுத் தடுப்ப?"

டீச்சருடைய கதை எல்லோருக்கும் தெரியும். அவர் கணவர் கடலில் எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை பார்த்தவர். ஒரு நாள் விபத்தில் இறந்துபோனார். நிறுவனம் செய்தி அனுப்பியது. செய்தியை வாங்கியது டீச்சருடைய பதிலி. "மிகவும் துயரமான செய்தி, தகவலுக்கு நன்றி" என்று பண்போடு பதில் எழுதிவிட்டு, பிறகு பார்க்க வேண்டியவற்றில் அதைச் சேர்த்துவைத்தது. கணவருடைய பதிலியை யாரும் நிறுத்தவில்லை. அவர் ஏதோ ஒரு துறைமுகத்தின் பிணவறையில் கிடந்த பத்தொன்பது நாளும், "ரோஸி, மழை பெய்யுதா அங்க? குடை எடுத்துட்டுப் போ" என்று அது டீச்சரிடம் சொல்லிக்கொண்டே இருந்தது. டீச்சரும் குடை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த மனுஷியிடம் நான் என்ன வாதாடுவது?

இவர் பலகையை எடுத்தார். "டீச்சர் சொல்றது சரி. நான் மோர்ஸ் கத்துக்கறேன்."

மோர்ஸை வாழ்நாள் முழுவதும் கிண்டல் செய்தவர் இவர். "கம்ப்யூட்டர் இருக்கும்போது எவன் தட்டிட்டு உக்காந்திருப்பான்" என்பார். இப்போது பாய் ஒரு பித்தளைக் கீயைக் கொண்டுவந்து கொடுத்தார். மேசை மணி அளவுதான் இருக்கும். அழுத்தினால் ஒலி, விட்டால் மௌனம். இவர் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு பழகினார். காது சீக்கிரம் பழகிவிட்டது. இரண்டு வாரத்தில் மற்றவர்கள் அனுப்புவதைக் கேட்டுப் பலகையில் எழுத ஆரம்பித்தார். கைதான் வரவில்லை. மரத்த விரலுக்கு எப்போது தொட்டோம், எப்போது விட்டோம் என்பது தெரிவதில்லை. கதவுக்கு வெளியே நின்று கேட்பேன். புள்ளி எது, கோடு எது என்று எனக்கே புரியாது. சில நாள் கீயை மேசையில் தூக்கிப்போடும் சத்தம் கேட்கும்.

இரண்டு மாதம் ஆனது. ஒரு நாள் சட்டென்று சத்தம் தெளிந்தது. தடுமாற்றம் இருந்தது, ஆனால் படிக்க முடிந்தது. அறையிலிருந்து ஒரு வயரை இழுத்துக் கூடத்திலிருந்த என் செட்டில் மாட்டினார். நான் மைக்கை விட்டதும் அவர் தட்டலாம்.

அந்தக் காலையை என்னால் மறக்க முடியாது. பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்துவிட்டு, "கிருபாகரன்" என்றேன். ஒரு நொடி. பிறகு மெதுவாக, இழுத்து இழுத்து, தமிழை ஆங்கில எழுத்துகளில் உடைத்து வந்தது. 'வணக்கம்.' இரண்டாவது எழுத்தில் தப்பு. எட்டுப் புள்ளி தட்டி அழித்துவிட்டு மறுபடி. 'எல்லாருக்கும் வணக்கம். இது நான்.'

அலையில் ஒரே கூச்சல். விதிமுறையெல்லாம் மறந்து ஒருவர் மேல் ஒருவர் பேசினார்கள். "உங்க மோர்ஸ் எங்க ஊர் டவுன் பஸ் மாதிரி இருக்குங்க, நின்னு நின்னு வருது" என்றார் மேட்டுப்பாளையத்திலிருந்து ஒருவர். டீச்சர் அழுவது மைக்கில் கேட்டது. "சார், உங்க கையைக் கேட்டதே போதும்" என்றார். நான் கையெழுத்துப் போட்டேன். ஐந்து வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாகப் போட்டதில்லை.

பதினைந்தாவது நாள் காலை. வெளியே சாரல், நல்ல குளிர். குளிர் நாளில் அவர் விரல்கள் இன்னும் மோசம். காபி டம்ளர் கையிலிருந்து நழுவிச் சட்டை முழுக்கக் கொட்டிவிட்டது. நழுவியது அவருக்குத் தெரியவே இல்லை. சூடு நெஞ்சில் பட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார். வேறு சட்டை போட்டு, பட்டன்களை நான் பூட்டிவிட்டேன். மூக்குக்கண்ணாடியைக்கூட நான்தான் மாட்டிவிட்டேன்.

இருபது நிமிடம் கழித்துக் கூட்டம் தொடங்கியது. அவர் முறை வந்தது.

அதே தடுமாற்றம். அதே இழுப்பு. பத்துப் பன்னிரண்டு எழுத்துக்கு ஒரு தப்பு. நேற்றைப் போலவே. முந்தாநாளைப் போலவே.

காதாக இருந்து நான் கண்டுபிடித்த விஷயமல்ல அது. அந்தத் தப்புகள் அவ்வளவு நன்றாக இருந்தன. எந்தக் காதும் ஏமாறும். சட்டைப் பட்டன் போட்டுவிட்ட கைக்குத்தான் தெரிந்தது. டம்ளர் நழுவும் நாளில் நேற்றைய கை வராது.

கூட்டத்தை முடித்துவிட்டு உள்ளறைக் கதவைத் திறந்தேன். மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வயர் அதில் மாட்டியிருந்தது. கீ அலமாரியில் இருந்தது.

"எத்தனை நாளா?"

ஒரு விரலைக் காட்டினார். முதல் நாளிலிருந்தே.

"எப்படிங்க இப்படிப் பண்ணீங்க? எங்கிட்டயே?"

பலகையை எடுத்து நிதானமாக எழுதினார். "என் கை எப்படித் தட்டும்னு ரெண்டு மாசம் பதிவு பண்ணி அதுக்குச் சொல்லிக்குடுத்தேன். வார்த்தை எல்லாம் என்னுது. தப்பு மட்டும் கம்ப்யூட்டரோடது."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். கோபம்கூட வரவில்லை.

"பதினோரு பேரை விலக்கினேங்க நான். அதுல எத்தனை பேருக்கு வார்த்தை அவங்களோடதா இருந்துச்சோ."

அழித்துவிட்டு எழுதினார். "எனக்கும் அதே யோசனைதான். நீ இதைத் தாங்க மாட்டேன்னுதான் சொல்லல."

"இன்னைக்கு நான் கையெழுத்துப் போடல."

தலையாட்டினார். பிறகு பலகையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்பதில்லை. எழுத அலுத்துவிட்டது.

அடுத்த பஸ்ஸில் வால்பாறைக்குக் கிளம்பினேன். நாற்பது கொண்டை ஊசி வளைவு. எனக்கு வயிறு புரட்டும். ஆனால் ரேடியோவில் சொன்னால் ஊரே கேட்கும்; போனில் சொன்னால் டீச்சருடைய பதிலி ஆறுதல் சொல்லும்.

ரோஸ்லின் டீச்சர் கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "முதல்ல தண்ணி குடி" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் கேட்டார்.

"நான் அழுதேனே அன்னைக்கு. அது மெஷினுக்கா?"

"வார்த்தை அவரோடது, டீச்சர்."

"அப்படித்தான் என் பதிலியும் சொல்லும், எல்லாம் நான் சொல்ற வார்த்தைதான்னு." டீயில் படிந்த ஆடையை விரலால் எடுத்துப் போட்டார். "கோபமா இருக்கு ஹேமா. அவர் மேல இல்ல. வேண்டாம்னு சொன்னவ நான். அந்த மனுஷனைத் திருட்டுத்தனம் பண்ண வச்சவ நான்."

"புகார் பண்ணிடுங்க டீச்சர். நான் விலகிக்கறேன். குழு பிழைச்சுக்கும்."

"பதினாலு நாள் உனக்குத் தெரியாது. பதினஞ்சாவது நாள் மலையேறி வந்து சொல்லிட்ட. இதுல புகார் என்ன வேண்டிக்கிடக்கு?" டீயை ஒரே மடக்கில் குடித்தார். "சட்டத்துக்கு என்ன வேணும்? ஒரு ஆளோட கை. அவ்வளவுதானே? உனக்குக் கை இருக்கில்ல?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"அவர் எழுதட்டும். நீ தட்டு. ஆனா காதா நீ இருக்க முடியாது. அதை நான் பாத்துக்கறேன். உனக்கு மோர்ஸ் வரும்ல?"

"இருபது வயசுல படிச்சது. தப்புத் தப்பா வரும்."

"வரட்டுமே. நிஜத் தப்பு கேட்டு எத்தனை நாளாச்சு" என்றார். சிரிக்க முயன்ற மாதிரி இருந்தது.

அப்படித்தான் நான் என் கணவருக்குக் கையானேன்.

முதல் ஒரு மாதம் எங்களுக்குப் புதுக் கல்யாணம் மாதிரி இருந்தது. ஒரே மேசை, பக்கத்துப் பக்கத்தில் நாற்காலி, நடுவில் பலகை. அவர் எழுதுவார், நான் தட்டுவேன். தப்பு வந்தால் என் முழங்கையில் இடிப்பார். இரண்டு பேருக்குமாக ஒரே டம்ளரில் காபி. டீச்சர் தினமும் கையெழுத்துப் போட்டார். தட்டுவது நான் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டோம்; பொய் எதுவும் இல்லை. சட்டப்படி எல்லாம் சரி.

எப்போது மாற ஆரம்பித்தது என்று எனக்கே நினைவில்லை. பாயின் சிக்னல் கரகரவென்று வந்த ஒரு நாளில் இவர், "அந்த ஆன்டெனாவைக் கழட்டித் துணி காயப் போடுங்க பாய்" என்று எழுதினார். பாய் வீட்டில் அன்றைக்கு ஏதோ பிரச்சினை, குரலே வாடியிருந்தது. நான் 'ஆன்டெனாவை ஒருமுறை பாருங்க பாய்' என்று தட்டினேன். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன கிருபா, ரொம்பச் சாந்தமாயிட்ட?" என்றார் பாய்.

இன்னொரு நாள் ஒரு நீளமான புலம்பலைச் சுருக்கினேன், கை வலித்ததால். ஒரு நாள் டீச்சரிடம் அவர் கேட்ட ஒரு கேள்வியை விட்டுவிட்டேன், டீச்சர் வருந்துவார் என்று. நல்ல எண்ணத்தில்தான். எல்லாமே நல்ல எண்ணத்தில்தான்.

போன செவ்வாய்க்கிழமை பாய் கேட்டார். "கிருபா, உண்மையைச் சொல்லு. உடம்பு எப்படி இருக்கு? சும்மா நலம்னு ஓட்டாத."

இவர் மார்க்கரைத் திறந்தார். பிறகு எழுதி என் பக்கம் திருப்பினார்.

"ஆபரேஷன் பண்ணாம விட்டிருக்கலாம்னு தினமும் காலைல தோணுது."

படித்தேன். படிவத்தை எடுத்துவந்து வைத்த கை இதே கைதான். அது கீயின் மேல் இருந்தது. தட்டியது.

'நலம். கொஞ்சம் வலி.'

அலையில் யாரோ "கடவுள் பார்த்துப்பார் சார்" என்றார்கள். நான் பக்கத்தில் திரும்பவில்லை. ஆனால் மோர்ஸ் கேட்கத் தெரிந்த காது அவருடையது. ஒவ்வொரு எழுத்தும் அவருக்குத் தெரியும்.

அவர் கோபப்படவில்லை. பலகையை அழிக்கவும் இல்லை. அப்படியே இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினார்.

"ஏங்க, இருபது பேருக்கு மேல கேட்டுட்டு இருக்காங்க" என்றேன், குரலைத் தாழ்த்தி.

அந்த வரிக்குக் கீழே எழுதினார். "அதுக்குத்தான்."

"எனக்கு முடியலைங்க. நான்தான உங்களை…"

என் கையை ஒரு முறை தட்டிக்கொடுத்தார். அவருக்கு அது தெரிந்திருக்காது. அந்த விரல்களுக்கு எதுவும் தெரியாது. பிறகு மிச்சமிருந்த இடத்தில் எழுதினார். "கம்ப்யூட்டர் ஒரு வார்த்தையையும் மாத்தல, ஹேமா."

செட்டில் பாய் அழைத்தார். "கிருபா? இருக்கியா?"

பதினோரு நிலையங்களை விலக்கியவள் நான். ஒரு மனுஷனுக்குப் பதிலாக அவனைவிட இனிமையாகப் பேசுவதுதான் பதிலியின் குணம் என்று எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன். நான்கு மாதமாக அதைத்தான் நானும் செய்துகொண்டிருந்தேன். கை நிஜம், தப்பு நிஜம். பேசியது மட்டும் அவர் இல்லை.

எட்டுப் புள்ளி தட்டினேன். முன்னால் அனுப்பியது தவறு என்று அர்த்தம். பிறகு பலகையில் இருந்ததை முதல் எழுத்திலிருந்து அனுப்ப ஆரம்பித்தேன். அந்த ஒரு வரி அவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. நடுவில் கண் மறைத்தது, எழுத்து தப்பியது, அழித்து மறுபடி தட்டினேன். 'காலைல தோணுது' என்று முடித்தபோது மணிக்கட்டு வலித்தது.

செட்டில் வெறும் இரைச்சல். யாரும் கடவுளைக் கூப்பிடவில்லை.

பிறகு டீச்சர் வந்தார்.

"கிருபா சார், கேட்டேன். எனக்கும் தினமும் காலையில ஒண்ணு தோணும். எட்டு வருஷமா யார்கிட்டயும் சொன்னதில்ல." மலையில் மழை போலும், பின்னால் தகரத்தில் விழும் சத்தம் கேட்டது. "நான் அப்புறம் சொல்றேன். நீங்க முதல்ல சொல்லுங்க. காலையில எழுந்ததும் வருதா, இல்ல பேசணும்னு வாயைத் திறக்கும்போதா? பொறுமையா சொல்லுங்க. யாருக்கும் இங்க அவசரம் இல்ல."

"ஆமா மாப்ள, கடையை லேட்டாத் திறந்துக்கலாம்" என்றார் பாய்.

இவர் நாற்காலியைச் செட்டுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். சட்டைக் கையாலேயே பலகையைத் துடைத்துவிட்டு எழுத ஆரம்பித்தார். வேகமாக எழுதினார். எழுத்து சின்னதாகிக்கொண்டே போனது. வலது ஓரம் வரை போய், கீழே வந்து, இடம் தீர்ந்துவிட்டது. நிறுத்தவில்லை, பலகையைப் பின்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் முதல் வரியைப் படித்தேன். என்னைப் பற்றித்தான் இருந்தது. நல்லதாக இல்லை.

கீயின் மேல் கையை வைத்து, முதல் எழுத்தைத் தட்டினேன்.